மூன்றாவது ‘ம்’

ரெண்டு பிள்ளைகளுக்கு மூணு ‘ம்’ எப்படி வரும்?

ஜெபராணி அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. வரியில் வைத்த விரலை எடுக்காமல் அடுத்ததை வாசித்தாள். கரடி தேன்குடத்தை இறக்கி வைத்தது. “ம்” என்றாள் கிருபாவதி. “ம்” என்றான் சின்னவன் சுந்தர்ராஜ், கட்டைவிரலைச் சப்பிக்கொண்டே. பிறகு மூலையிலிருந்த குலுக்கைக்குள்ளிருந்து, நன்றாக யோசித்துச் சொல்வதுபோல, இன்னொன்று.

வருசநாட்டுக்குக் குடிவந்தபோது வீட்டுக்காரர் விட்டுப்போன மண்குலுக்கை அது. ஆளுயரம். தானியம் போட்டு எத்தனையோ வருஷமாம்.

உம் கொட்டினால்தான் கதை நகரும் என்பது அவள் பிள்ளைகளுக்கு வைத்திருந்த சட்டம். சத்தம் நின்றால் தூங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். புத்தகத்தை மூடிவிட்டு, ஆண்டிபட்டி பஸ்ஸை ஓட்டிப்போன கணவன் ஜேசுராஜுக்குச் சோறு எடுத்துவைக்கப் போவாள். அன்று ஐப்பசி மழை ஓட்டில் விடாமல் இறங்கிக்கொண்டிருக்க, மண்ணெண்ணெய்ப் புகையும் ஈரச்சுவரின் புளித்த வாசனையும் அறையை நிறைத்திருக்க, இரண்டு பிள்ளைகளும் அவள் மடியில் வாய் பிளந்து தூங்குவதைப் பார்த்த பிறகும் ‘ம்’ நிற்கவில்லை. நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று விளக்கு மங்கும்வரை வாசித்தாள்.

காலையில் சுந்தர்ராஜ் பேசவில்லை. சாப்பிட்டான், விளையாடினான். விழுந்து முழங்காலில் ரத்தம் வந்து அழுதபோதும் வாய்தான் திறந்தது.

“தொண்டை கட்டியிருக்கும். பாய் விக்கிற ஐஸை வாங்கிக் குடுக்காதன்னா கேக்குறியா?” என்று ஜேசுராஜ் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனான்.

குழாயடியில் பக்கத்து வீட்டுப் பூமாரி சிரித்தாள். “யக்கா, நேத்து உம் கொட்டுன சத்தம் எங்க அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. எங்க வீட்டு ஆளு ஒருநாளாவது நாஞ் சொல்றதுக்கு அப்படிக் கொட்டியிருக்காகளா!”

“எத்தனை குரல் கேட்டுச்சு பூமாரி?”

“பெத்தது நீங்க. கணக்கு எங்கிட்டயா?”

ஜெபராணி சிரிக்க முயன்றாள். குடம் நிரம்பி வழிந்தது.

அன்று வாசிக்கக் கூடாது என்றிருந்தாள். ஆனால் மலைநிழல் வாசலுக்கு வந்ததும் சுந்தர்ராஜே புத்தகத்தைத் தூக்கிவந்து அவள் மடியில் வைத்தான். பழக்கத்தில் குரல் வந்துவிட்டால்? அந்த ஆசைதான் அவளைப் பக்கம் புரட்டவைத்தது.

கரடி சந்தைக்குள் நுழைந்தது.

“ம்” என்றாள் கிருபாவதி. வெறும் காற்றாக வந்தது.

“ம்.”

சுந்தர்ராஜ்! சளி அடைத்த அதே மூக்குக் குரல். அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவன் கழுத்து அவள் கன்னத்தில் பட்டது. அதில் அதிர்வே இல்லை.

“அப்புறம்?” என்றது அவன் குரல், குலுக்கைக்குள்ளிருந்து.

கிருபாவதி அவள் சேலையைப் பிடித்தாள். “அம்மா, தம்பி அங்கன...” மீதி வரவில்லை.

ஜெபராணி மகளின் வாயைப் பொத்தினாள். புத்தகத்தைத் தரையில் கவிழ்த்தாள். மழை ஓய்ந்திருந்தது. எங்கும் சத்தமில்லை. குலுக்கையின் விளிம்பிலிருந்து மண் உதிர்ந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

“அப்புறம் என்னாச்சும்மா?”

இப்போது கிருபாவதியின் குரல். உள்ளங்கைக்கு அடியில் மகளின் உதடுகள் மூடியே இருந்தன. கண்ணீர் மட்டும் விரல்களில் வழிந்தது.

“வாசிங்கம்மா.” இரண்டு குரலும் சேர்ந்து. கெஞ்சின. இனி அவள் வாசித்தால் மட்டுமே அந்தக் குரல்களைக் கேட்கமுடியும்.

மாட்டேன். சொல் தொண்டைவரை வந்துவிட்டது. விளிம்பில், வெளிச்சம் எட்டாத இடத்தில், மூன்றாவது குரலுக்காக ஏதோ காதுகொடுத்துக் காத்திருந்தது.

அவள் உதடுகளை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தாள்.