ஒன்றரை கிராம்

காலை எட்டரை மணிக்கு ஜெபக்கனி தன் இருக்கையில் உட்கார்ந்து, வலது கட்டைவிரலை ஒப்பத்தகட்டில் வைத்தாள். திரையில் முதல் உணவளவு வந்தது. ஓர் எண், வயது, எடை, ரத்த அழுத்தம், உப்பு இத்தனை கிராம், எண்ணெய் இத்தனை. ஒன்பது நொடிகள். பச்சை வளையம் சுற்றி முடிந்ததும் விரலை அழுத்தினாள். அடுத்தது வந்தது. மதியத்துக்குள் அறுநூறு முடிய வேண்டும்.

தூத்துக்குடி உணவளவு அலுவலகத்தில் அவளைப் போல ஆறு டயட்டீஷியன்கள் இருந்தார்கள். எல்லோரும் உணவியலில் ஐந்து வருடப் பட்டமும் ஒரு வருடப் பயிற்சியும் முடித்தவர்கள்.

உணவளவுச் சட்டம் வந்து பதினெட்டு வருடங்கள் ஆகியிருந்தன. சர்க்கரையும் அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் பாதி ஊரை ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்ட காலத்தில் வந்த சட்டம் அது. இப்போது உழைக்கிற ஒவ்வொருவருக்கும் மூன்று வேளையும் அரசுச் சமையற்கூடத்திலிருந்து உணவுப்பெட்டி வரும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் உடல்மானி அவர்களுடைய வியர்வையையும் நாடியையும் படித்து அனுப்ப, 'அளவி' என்ற கணிப்பொறி பெட்டியில் எது எவ்வளவு என்று முடிவு செய்யும். அந்த முடிவு செல்லுபடியாக ஒரு மனிதரின் ஒப்பம் தேவை. அதற்குத்தான் ஜெபக்கனி.

உண்பவரின் பெயரோ தொழிலோ திரையில் வராது. நேரில் பார்க்கவும் கூடாது. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் அளவு தவறும் என்று விதி சொன்னது. சேர்ந்த புதிதில் அவளுக்கு அது உறுத்தியது. பிறகு பழகிவிட்டது.

பதினொரு மணிக்குக் காவலாளியைத் தள்ளிவிட்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். துறைமுகக் கிடங்கில் பளுதூக்கி ஓட்டுபவர்களின் நீலச் சட்டை போட்டிருந்தாள். கையில் ஓர் உணவுப்பெட்டியின் மூடி.

"ஜெபக்கனிங்கிறது ஆரு?"

"நாந்தான். இங்க உள்ள வரக்கூடாதும்மா. என்ன வேணும்?"

"இந்த மூடியில இருக்கது ஒங்க பேருதான? எம் பேரு சந்தனமாரி. எங்கம்மா பேச்சித்தாய் செத்து எட்டு நாளாச்சு. மூணு மாசமா உப்பில்லாத இந்தச் சோத்தத்தான் தின்னா. 'படிச்ச பிள்ள கையெழுத்துப் போட்டிருக்கா, சரியாத்தாம்ட்டி இருக்கும்'னு சொல்லிச் சொல்லித் தின்னா."

ஜெபக்கனி மூடியிலிருந்த எண்ணைத் திரையில் தட்டினாள். பேச்சித்தாயின் உப்பளவு முதலில் ஐந்து கிராம். பிறகு நான்கு. பிறகு இரண்டரை. கடைசியாக ஒன்றரை. ஒவ்வொன்றின் கீழும் அவளுடைய ஒப்பம். அளவி சொல்லியிருந்த காரணம் ஒன்றேதான்: வியர்வையில் உப்பு மிகை, மறைவாக உப்பு உண்கிறார்.

"அம்மா தனியா உப்பு வாங்கிச் சாப்பிட்டாங்களா?"

சந்தனமாரி அவளை வெறித்துப் பார்த்தாள். "எங்கம்மா என்ன வேலை பாத்தான்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. எங்களுக்குக் காட்ட மாட்டாங்க."

"உப்பளத்துல உப்பு வாருனா. முப்பது வருசமா."

ஜெபக்கனி திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினாள். "கடைசியில எப்படி இருந்தாங்க?"

"தலை கனக்குன்னா. வாந்தி எடுத்தா. தண்ணி தண்ணியா குடிச்சா. என்னையே ஆருட்டி நீன்னு கேட்டா. அப்புறம் வலிப்பு வந்துச்சு. வெயிலுல போயிட்டான்னு எழுதிக் குடுத்துட்டாவ."

நாள் முழுவதும் வியர்த்து, இழந்த உப்பைத் திரும்ப எடுக்காமல், வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் ரத்தம் நீர்த்துப்போகும். மூளை வீங்கும். முதலாண்டுப் பாடம் இது. பரீட்சையில் அவள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள்.

ஜெபக்கனி எழுந்தாள். ஒப்பத்தகடு சிவந்து ஒலித்தது. அதை அப்படியே விட்டுவிட்டுச் சந்தனமாரியின் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

உப்பளத்தில் வெயில் நாற்பத்தாறு டிகிரி. பெண்கள் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய கையிலும் முழங்கைவரை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. உடல்மானியின் பட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் உப்பு. ஜெபக்கனி ஒரு பெண்ணின் கையைப் பிடித்து, குடிதண்ணீரை ஊற்றி, பட்டையையும் தோலையும் தன் துப்பட்டாவால் துடைத்தாள். மானியில் மஞ்சளாக நின்ற எண் இறங்கி இறங்கிப் பச்சைக்கு வந்தது. அளவி இத்தனை நாளும் படித்துக்கொண்டிருந்தது உப்பளத்துத் தூசியை.

"காலடியில இவ்வளவு உப்பு கெடக்கே. மயக்கம் வந்தா ஒரு கல்லு வாயில போட்டுக்கக் கூடாதா?" என்று அவளிடம் கேட்டாள்.

"போட்டா செவப்பு எரியும் மேடம். செவப்பு எரிஞ்சா மூணு நாளு வேலைக்கு விட மாட்டாவ."

"தலை சுத்துதா?"

"எல்லாருக்குந்தான் சுத்துது."

உப்பளத்து வருகைப் பட்டியலில் இருந்த உணவளவு எண்களை எல்லாம் படமெடுத்துக்கொண்டு அவள் அலுவலகத்துக்குத் திரும்பியபோது மணி ஒன்றரை. மேலாளர் குணசீலன் அவளுடைய இருக்கைக்கு அருகில் நின்றிருந்தார்.

"எங்க போனீங்க? நானூறு பேரோட அளவு தேங்கி நிக்குது."

"அந்த உப்பளத்துல இருநூத்திப் பதினாறு பேர் சார். எல்லாம் என் பகுதி. எல்லாருக்கும் நான்தான் உப்பக் கொறச்சிருக்கேன். மானி வியர்வையப் படிக்கல, மேல ஒட்டுன உப்பப் படிக்குது. ஒரு அம்மா செத்துட்டாங்க. இன்னைக்கே மாத்தணும்."

"எழுதிக் குடுங்க. அடுத்த திருத்தத்துல பார்ப்பாங்க."

"அது எப்ப?"

"தை மாசம்."

"இது சித்திரை சார்!"

"சத்தம் போடாதீங்க. ஒரு மாசத்துக்குப் பத்துக் கைத்திருத்தம் ஒங்களுக்கு அனுமதி இருக்கு. அதுல பண்ணிக்கோங்க. இறப்புச் சான்றுல வெப்பம்னு இருக்கு. ஒங்க மேல எதுவும் வராது, நான் பாத்துக்குறேன்."

எதுவும் வராது என்று அவர் சொன்ன விதத்தில் ஒரு பரிவு இருந்தது. அதுதான் ஜெபக்கனிக்குத் தாங்கவில்லை. அப்படியே உட்கார்ந்து, வயதில் மூத்த பத்துப் பேரைத் தேடி ஐந்து கிராமுக்கு மாற்றினாள். பதினொன்றாவது எண் பூட்டிக்கொண்டது.

"இருநூத்தி ஆறு பேர் சார்."

"நான் என்னம்மா பண்ண முடியும்?"

சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. ஓர் ஒப்பத்தால் உயிர் போனதாக ரத்த உறவினர் புகார் கொடுத்தால், போலீஸ் பதிந்தே ஆக வேண்டும். பதிந்த நொடியில், இறந்தவரின் பணியிடத்தில் இருப்பவர்களுக்கு அந்த டயட்டீஷியன் போட்ட ஒப்பங்கள் எல்லாம் செல்லாமல் போகும். வேறொருவர் பரிசீலிக்கும்வரை எல்லோருக்கும் பொது அளவு. உப்பு ஐந்து கிராம்.

வாசலில் காத்திருந்த சந்தனமாரியிடம் அவள் இதைச் சொன்னாள்.

"எம் மேல புகார் குடு. ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள பதிஞ்சாகணும்."

"எதுக்கு? பெரிய தியாகின்னு பேரு வாங்கவா?"

"நான் கையெழுத்துப் போட்டது நெசம். நாலு தடவ போட்டேன்."

"வேலை போயிருமா?"

"பட்டமே போயிரும். உள்ளயும் போடுவாங்க."

சந்தனமாரி கொஞ்ச நேரம் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒங்களுக்காக வரல. அங்கன நிக்கவளுவளுக்காக வாரேன்" என்று வண்டியை எடுத்தாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் இரண்டு முறை கேட்டார், குற்றம் சாட்டப்பட்டவர் எங்கே என்று. இரண்டு முறையும் ஜெபக்கனி கையைத் தூக்கினாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு படிவத்தைத் திறந்தார். ஐந்தே முக்காலுக்கு வழக்கு எண் விழுந்தது. ஜெபக்கனியின் கைப்பேசி அதிர்ந்தது: உரிமம் நிறுத்தப்பட்டது. அதற்கடியில் இன்னொரு வரி: இருநூற்றுப் பதினாறு உணவளவுகள் காலாவதி, பொது அளவு நடப்புக்கு வந்தது. அதை அவள் சந்தனமாரியிடம் காட்டினாள். சந்தனமாரி படித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் இறந்தவரின் விவரம் கேட்டார். சந்தனமாரி சொல்லச் சொல்ல ஜெபக்கனி கேட்டுக்கொண்டிருந்தாள். வயது ஐம்பத்திரண்டு. நல்ல உயரம். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. மூக்குத்தி உண்டு. தனியாக நின்று ஒரு பிள்ளையை வளர்த்தவள். மூன்று மாதம் அந்தப் பெண்ணின் சோற்றை அளந்தவளுக்கு இதெல்லாம் இப்போதுதான் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் அச்சுத்தாளை எடுக்க உள்ளே போனார். பெஞ்சில் இருவரும் மட்டும்.

"அம்மாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று ஜெபக்கனி மெல்லக் கேட்டாள்.

சந்தனமாரியின் கண் நிறைந்து வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அத மட்டும் ஒங்ககிட்டச் சொல்ல மாட்டேன்" என்றாள்.