கடைசிக் கிழங்கும் அஸ்வான்காரனும்

"அது என்னோடது!"

இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. தள்ளுவண்டி அடுப்பில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு...

அலெக்ஸாந்திரியாவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மருந்துக்கடை வேலை முடிந்து, டிராமையும் தவறவிட்டு, மதியச் சாப்பாடும் இல்லாமல் நின்ற நெர்மீனுக்கு அதை விட்டுக்கொடுக்க மனமில்லை.

"நான்தாங்க முதல்ல கேட்டேன்," என்றாள் தலையைத் திருப்பாமலே.

"நான் அரை மணி நேரமா பார்த்துட்டே நிக்கறேன்."

"பார்த்துட்டே நின்னா உங்களோடதாயிடுமா?"

"ஆகமாட்டேங்குதே... அதானே என் பிரச்சினை, நெர்மீன்!"

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நெற்றியில் ஒட்டிய ஈரமுடி... அதற்குக் கீழே சிரிக்கும் அதே கண்கள்.

ஹாஸெம்! பக்கத்து பால்கனிக்காரன். அவள் பரீட்சைக்குப் படித்த இரவுகளில் கம்பி வழியே தேநீர் நீட்டியவன். நாலு வருடத்துக்கு முன் மின்நிலைய வேலைக்காகப் பெற்றோரோடு தெற்குக் கோடி அஸ்வானுக்குப் போனவன்.

நெஞ்சு துள்ளியது. மறுகணமே ரோஷம் முந்திக்கொண்டது.

"அடடே, அஸ்வான்காரரா? பொண்டாட்டி சௌக்கியமா?"

"எந்தப் பொண்டாட்டி?"

"உங்கம்மாதான் எங்கம்மாகிட்ட போன்ல சொன்னாங்களே... பொண்ணு பார்த்தாச்சு, நிச்சயம் ஆகப்போகுதுன்னு."

"அவங்கதான் பார்த்தாங்க. நான் மாட்டேன்னுட்டேன். அதைச் சொல்லத்தான் மாசக்கணக்கா கூப்பிட்டேன்... நீ போனை எடுத்தாதானே, ராட்சசி!"

நெர்மீன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். இதற்காகவா இத்தனை நாள் தலையணையை நனைத்தேன்... அசடு!

"ரெண்டு பேரும் சமாதானமாயிட்டா சொல்லுங்க, ஆறிட்டிருக்கு," என்ற கிழங்குக்காரர், தானே அதை இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி நீட்டினார்.

கடைக் கூரையடியில் ஒதுங்கி நின்றார்கள். சூடான கிழங்கு வாய்க்குள்ளும், நாலு வருடக் கதை வெளியேயுமாக உருண்டன. அவர்கள் கட்டடத்து லிஃப்ட் இன்னும் மூணாவது மாடியில்தான் சிக்குகிறதாம். வகுப்புத் தோழி ஷைமாவுக்கு இரட்டைக் குழந்தைகளாம். அவன் சமைக்கக் கற்றுக்கொண்டானாம்.

"யாராவது சாப்பிட்டாங்களா?"

"ஒரு பூனை. அப்புறம் அது வரவே இல்ல."

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்தது... மழை என்று அவனை நம்பவைத்தாள்.

"அது சரி, அரை மணி நேரமா இங்க என்னடா பண்ணினே?"

எதிரே இருந்த அவளுடைய மருந்துக்கடையைக் கண்ணால் காட்டினான். "உள்ள வர தைரியம் வரல. பேசாம ரயிலேறிடலாம்னுதான் இருந்தேன்... பசிச்சுது. நீயே வந்துட்டே."

டிராம் மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. நெர்மீன் படியில் கால் வைத்தாள். அவன் நனைந்தபடி கீழேயே நின்றான்.

"நெர்மீன்... இந்த ஊருக்கே மாற்றல் கேட்டிருக்கேன். கிடைச்சுடும். ஆனா நீ வான்னு சொன்னாதான் வருவேன். எனக்கு உன்னைப் பிடிக்கும்... அந்த பால்கனி நாள்லேருந்தே."

மழையில் அவன் இமைகள் படபடத்தன. அவள் கன்னமோ சுட்டது.

"எனக்கும்தான், மண்டு! சீக்கிரம் ஏறு. அப்பா வீட்லதான் இருக்கார்."

"அவர்கிட்ட மாற்றல் விஷயத்தைச் சொல்லவா?"

கையை நீட்டி அவனை மேலே இழுத்தாள்.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல பொண்ணு கேளு!"