யாரும் சொல்லாத பொத்தான்

குளியலறைக் கோப்பையில் நான்காவதாக ஒரு டூத் பிரஷ் நின்றது. சின்னது, குழந்தைகள் பிடிக்கிற அளவு. நுனி ஈரமாக இருந்தது. வீட்டில் இருப்பதோ பேராசிரியை, அவள் கணவர், கல்யாணமாகாத மகள். குழந்தை ஏது?

"யாரோடதுடி இது?"

மகள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "தம்பியோடதும்மா."

பேராசிரியை அவளை நிமிர்ந்து பார்த்தாள். பெற்றது ஒன்றே ஒன்று. அது இதோ எதிரே நின்று துணி மடிக்கிறது. கணவரிடம் ஓடினாள். அவர் செய்தித்தாளை இறக்கிவிட்டு, பையன் இருப்பதையே அவள் மறந்துவிட்டதாகவும், வயதானால் இப்படித்தான் என்றும் மெல்லச் சொன்னார்.

இந்த மென்மை அவளுக்கு அத்துப்படி. ஆயுள் முழுக்க அவள் செய்த ஆராய்ச்சியே இதுதானே! முதியவர்களை உட்காரவைத்து, நடக்கவே நடக்காத ஒன்றை நடந்ததாக, அவர்கள் பெற்ற பிள்ளைகளின் வாயாலேயே அவர்களிடம் சொல்ல வைப்பாள். முதலில் அந்த முதியவர்கள் இல்லவே இல்லை என்பார்கள். அப்புறம், இருந்திருக்கலாம் என்பார்கள். கடைசியில், யாரும் சொல்லித்தராத நிறத்தையும் வாசனையையும் தாங்களே சேர்ப்பார்கள். அங்கே அவள் ஜெயித்துவிடுவாள்.

இப்போது தன்னிடமே விளையாடுகிறார்களா, இல்லை நிஜமாகவே புத்தி பேதலித்துவிட்டதா? எது தேவலை என்றுகூடத் தெரியவில்லை. தானாக ஒரு வார்த்தை சேர்த்தால் போச்சு. அது மட்டும் தெரிந்தது.

கணவரும் மகளும் விடவில்லை. சாப்பாட்டு மேசையில், மாடிப்படியில், குரலை உயர்த்தாமல் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். மழையில் நனைந்து வருவான், உன்னிடம்தான் தலை துவட்டிக்கொள்வான், மஞ்சள் சட்டைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பான் என்று. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். ஈரத்தலையின் வாசனை வந்தது. அழுகையாக வந்தது.

"அந்தச் சட்டையில ஒரு பொத்தான் இருக்காதே" என்றது ஒரு குரல்.

அவளுடைய குரல்.

இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. காலடி. சின்னக் காலடி. திரை விலகியது.

மஞ்சள் சட்டை. ஒரு பொத்தான் இல்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கைகளை நீட்டிக்கொண்டு அவளை நோக்கி வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல்.

மகள் அவள் தோளை ஆதரவாகப் பிடித்தாள்.

"பாவம்மா அவன். கண்ணு எப்படி இருக்கும்னு சொல்லு."

சொல்லக் கூடாது. சொல்லவே கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டாள். நினைக்காமல் இருக்கத்தான் முடியவில்லை.

அந்தத் தோலுக்கடியில் இரண்டு இடங்கள் மெல்ல அசையத் தொடங்கின.