பெரட்டு மேட்டில் கூப்பிட்ட பேர்

பரிபூரணம் செருப்பைக் கழற்றியது முன்வாசலில்தான். அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. மாமியார் ரத்தினத்தின் அகலச் செருப்புக்குப் பக்கத்தில், மகள் பொன்செல்வியின் சிவப்புச் செருப்பை ஒட்டி, ஜோடியாகப் போட்டுவிட்டுத்தான் பங்களாவுக்குள் காலை வைத்தாள். சமையல்கட்டைக் காட்டுகிறேன் என்று வழிகாட்டி வேலுசாமி எல்லோரையும் பின்பக்கம் கூட்டிவந்தபோது பார்த்தால், அவளுடைய செருப்பு மட்டும் பின்வாசல் படிக்குக் கீழே, கொல்லை மண்ணில், யாரோ கையால் எடுத்து வைத்ததுபோல் கிடந்தது.

வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிள்ளைகள் விளையாட்டுக்குத் தூக்கிப்போட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் அன்றைக்கு வந்த கூட்டத்தில் பிள்ளை என்று இருந்தது பொன்செல்வி ஒருத்திதான். எட்டு வயது; காலையிலிருந்து அம்மாவின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு வருகிறவள். பரிபூரணம் செருப்பை எடுக்கவில்லை, கூட்டத்தோடு உள்ளே திரும்பிவிட்டாள்.

இந்த மலைக்கு வர அவளுக்கு இஷ்டமே இல்லை. 1991 ஐப்பசி, அடைமழைக்கு நடுவே வெறித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் புருஷன் காசிராஜன் செட்டியார்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி போட்டிருந்தான். தொழிலில் பழகுகிறவர்கள் எல்லாம் குடும்பத்தோடு ஒரு பழைய காப்பி எஸ்டேட் பங்களாவைப் பார்க்கப் போகிறார்கள், நாமும் போகிறோம் என்றான். யாரோ புதிதாக வாங்கி, வெள்ளையடித்து, டிக்கெட் வைத்துச் சுற்றிக் காட்டுகிறார்களாம். செண்பகத்தோப்பு வழியாக ஜீப்பில் ஏறவேண்டும் என்று அவன் சொன்னதுமே அவளுக்கு எந்த மலை என்று தெரிந்துவிட்டது. தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள். ஊரே கிளம்புது, உனக்கு மட்டும் என்ன சீக்கு என்று மாமியார் ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

அவள் பிறந்ததே அந்த மலையில்தான். பங்களாவுக்குக் கீழே, தகரம் வேய்ந்த லயத்து வீடுகளில் கடைசி வீடு. கூலிகளை அடைத்துப் போட்டிருந்த அந்த வரிசையில், மற்றக் கூலிகளே தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீடு. எஸ்டேட் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்த தங்கபாய் டீச்சருக்குக் குழந்தை இல்லை. துருதுருவென்று இருந்த இவளைக் கேட்டு வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்குக் கூட்டிப்போய், பேரை மாற்றி, இறந்துபோன தம்பி மகள் என்று சொல்லி வளர்த்து, காசிராஜனுக்குக் கட்டியும் கொடுத்துவிட்டுத்தான் டீச்சர் கண்ணை மூடினாள். லயத்துப் பேச்சை வாய்தவறி எடுத்தாலும் வாழ்க்கை போய்விடும் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பெற்றவள் என்ன ஆனாள் என்று பரிபூரணம் கேட்டதில்லை. முதலில் கூச்சம். பிறகு, கேட்டால் யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்ற பயம்.

பயப்படாமல் எப்படி இருப்பாள்? நாலு தலைமுறை விசாரித்து எடுத்த மருமகள் என்று ரத்தினம் கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு பீற்றிக்கொண்டு திரிகிறாள். தறிக்கு வேலைக்கு வருகிறவர்களில் இன்னாருக்கு எவர்சில்வர் தம்ளர், இன்னாருக்குக் கொட்டாங்கச்சி என்று பிரித்து வைத்திருக்கிறவள் அவள். உண்மை தெரிந்தால் மருமகளுக்கு மட்டுமா கொட்டாங்கச்சி வரும், பேத்திக்கும்தான் வரும். அந்த ஒரு எண்ணம் போதும், பரிபூரணத்தின் வாயைக் கட்ட.

வேலுசாமி கலகலப்பான ஆள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவன் அப்பன் இந்த எஸ்டேட்டில் கடைசிக் கங்காணியாக இருந்தவனாம். கூடத்தில் கணப்பு அடுப்பைக் காட்டினான், கொம்பு மாட்டிய சுவரைக் காட்டினான், துரை படுத்த கட்டிலைத் தட்டிக் காட்டி, அண்ணாச்சிமார் வேணும்னா செத்த நேரம் சாஞ்சுக்கிடலாம் என்று சிரிக்கவைத்தான். பரிபூரணம் எல்லோருக்கும் பின்னால் நடந்தாள். வெள்ளையடித்த சுவரின் சுண்ணாம்பு நெடிக்கு அடியில், மெழுகு போட்ட பலகைத் தரையின் வாசனைக்கு அடியில், வேறொரு வாடை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு வந்தது. மழையில் நனைந்து, அடுப்பங்கரையில் காய்ந்தும் காயாமலும், மறுபடி நனையப் போகிற கம்பளியின் வாடை. அந்தக் கம்பளிக்குள் படுத்துத்தான் அவள் வளர்ந்தாள். மூக்கை முந்தானையால் மூடினாள். வாடை முந்தானையிலிருந்தே வந்தது.

பாதி வழியில்தான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. மற்றவர்கள் கூடத்தின் நடுவே விரித்திருந்த ஜமுக்காளத்தில் தாராளமாக நடந்து போகிறார்கள். இவள் மட்டும் சுவரை ஒட்டி, பலகை ஓரமாக, அதில் கால்படாமல் போய்க்கொண்டிருக்கிறாள். வேண்டுமென்று காலை எடுத்து நடுவில் வைக்கப் பார்த்தாள். கால் வரவில்லை.

கடைசியாக துரையின் குளியலறை. ஆளுயரக் கண்ணாடி, பீங்கான் தொட்டி. வெளிச்சுவரில் இடுப்பளவுக்கு ஒரு சின்னக் கதவு. அது என்ன என்று யாரோ கேட்டார்கள்.

"அதுவா? மலச்சட்டி எடுக்கிறவ வந்துபோற வழி. குனிஞ்சுதான் வரணும், குனிஞ்சுதான் போகணும். தொர எதிர்ல வந்துட்டா ஒதுங்கி, வாயப் பொத்திக்கிட்டு நிக்கணும். மூச்சு அவிய மேல பட்டுரக் கூடாதுல்லா."

ரத்தினம் முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். "ஏட்டி பரிபூரணம், அந்தக் கதவத் தொட்டுத் தொலைக்காத" என்றாள். பரிபூரணம் அப்போதுதான் கீழே பார்த்தாள். அவள் கை கதவின் தாழ்ப்பாள் மேல் இருந்தது. எப்போது போய் வைத்தாள் என்று தெரியவில்லை. வெடுக்கென்று எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். துடைத்ததற்காக உடனே உடம்பெல்லாம் கூசியது. தன் அம்மா நாளெல்லாம் குனிந்து வந்த கதவைத் தொட்ட கையைத் துடைக்கிறோமே என்று நினைத்தாள். துடைப்பதை நிறுத்தவும் முடியவில்லை.

கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ இருமினார்கள். நெஞ்சு முழுக்கச் சளி கட்டி, அது வெளியே வராமல் உள்ளேயே புரளுகிற இருமல். இருமிவிட்டு, இருமினோமே என்று பயந்து, துணியை வாயில் திணித்து அடக்கிக்கொள்கிற சத்தம். வேலுசாமி பேசிக்கொண்டே இருந்தான். யார் காதிலும் விழவில்லை. பொன்செல்வி மட்டும் முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, வெளிய யாரோ நிக்காக."

"யாருமில்ல. வா."

வெளியே வந்தபோது மத்தியானத்திலேயே மலை இருட்டிக்கொண்டு வந்திருந்தது. மூடுபனி காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து எழும்பி, லயத்து வீடுகள் இருந்த சரிவை விழுங்கி, பங்களாவின் பின்பக்க மேடுவரை வந்துவிட்டது. இதுதான் பெரட்டு மேடு என்றான் வேலுசாமி. விடிந்தும் விடியாத நேரத்தில் கூலிகளை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம். பேர் கூப்பிட்டதும் குரல் கொடுக்கவேண்டும். சீக்காளிக்குப் பதிலாக வீட்டு ஆள் யாராவது கொடுக்கலாம். ஆனால் கொடுத்தவர் அந்தப் பேருக்கு உள்ள வேலையைச் செய்தே ஆகவேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் குரல் வராவிட்டால் பேர் போய்விடும், பொழுது சாய்வதற்குள் லயத்து வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். அப்பனோடு சின்ன வயதில் நின்று நின்று அந்தப் பேர்களெல்லாம் தனக்கு மனப்பாடம் என்று சொன்னான். நீங்க எல்லாரும் வரிசையா நில்லுங்க, ஒரு விளையாட்டு விளையாடுவோம் என்றான்.

எல்லோருக்கும் உற்சாகம். வேலுசாமி இடுப்பில் கைவைத்து, கங்காணிக் குரலில் கூப்பிட்டான். மாடன். காசிராஜன் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, உள்ளேன் ஐயா என்றான். சிரிப்பு. கருப்பாயி என்றதும் யாரோ ஒரு அண்ணாச்சியின் மனைவி, உள்ளேன் ஐயா. பெரும் சிரிப்பு. பேர்கள் வரிசையாக வந்தன. முறை பரிபூரணத்திடம் வந்து நின்றது.

"அய்யம்மா."

அவள் அம்மாவின் பேர்.

தெரிந்துதான் கூப்பிடுகிறானா? அவன் முகத்தில் ஒன்றுமில்லை. அடுத்த பேர் அது, அவ்வளவுதான். விளையாட்டு. உள்ளேன் ஐயா என்று சொல்லிச் சிரித்துவிட்டால் முடிந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்த பதில் அது இல்லை. காய்ச்சலில் அம்மா சுருண்டு கிடந்த காலைகளில், இதே மேட்டில், கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் கத்திய பதில் வேறு. வாயைத் திறந்தால் அதுதான் வரும். வந்தால் எல்லோருக்கும் தெரியும்.

"அய்யம்மா."

"சொல்லேண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் ரத்தினம். எல்லோரும் இவளையே பார்த்தார்கள். முதுகுக்குப் பின்னால், வெகு அருகில், பிடரியில் மூச்சுப் படுகிற தூரத்தில், அந்த இருமல். கம்பளி வாடை. காத்துக்கொண்டிருக்கிறது. பரிபூரணம் திரும்பிப் பார்க்கவில்லை.

"அய்யம்மா கிய்யம்மான்னு யாரையும் எனக்குத் தெரியாது" என்றாள். அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "கண்ட கழிசடை பேருக்கெல்லாம் நான் பதில் சொல்லணுமாக்கும்?"

இருமல் நின்றது.

சொன்ன வார்த்தை அவள் காதிலேயே விழுந்தபோது முகம் தீயாய் எரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. ரத்தினம் மட்டும், அப்படிச் சொல்லு என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

வேலுசாமி மூன்றாம் தரம் கூப்பிட்டான். இப்போது அவன் சிரிக்கவில்லை. "அய்யம்மா."

"வந்திருக்கேன் சாமி."

பொன்செல்வி. முந்தானையை விட்டுவிட்டு, வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். உள்ளேன் ஐயா இல்லை. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காத பதில். பேத்தி கெட்டிக்காரி என்று யாரோ கைதட்டினார்கள். டீ வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். வரிசை கலைந்தது. மூடுபனி மேட்டின் மேல் ஏறி வந்தது.

பரிபூரணம் கையை நீட்டினாள். பிள்ளை அங்கே இல்லை.

முன்வாசலில் இல்லை. ஜீப்பில் இல்லை. டீ குடிக்கிற இடத்தில் இல்லை. அவள் கேட்டாள், ஓடினாள், மறுபடி கேட்டாள். இப்போதான இங்க நின்னுச்சு என்றார்கள். பங்களாவைச் சுற்றி ஓடினாள். வெறுங்கால். முள். கல். பனிக்குள் கை நீட்டினால் கை தெரியவில்லை.

சத்தம் கேட்டது. சர்ரக், சர்ரக். விளக்குமாறு.

குளியலறைச் சுவர். சின்னக் கதவு திறந்திருந்தது. அதன் முன்னால் பொன்செல்வி. தலையில் கம்பளி. அது தரைவரை தொங்கி ஈரம் சொட்டியது. குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்கி, நின்று, இருமினாள். எட்டு வயது நெஞ்சிலிருந்து வருகிற இருமல் இல்லை அது.

"செல்வி."

பிள்ளை நிமிரவில்லை.

பரிபூரணத்துக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. பெரட்டு மேட்டுப் பக்கம் திரும்பி நின்று, இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினாள்.

"வந்திருக்கேன் சாமி. அய்யம்மா மக வந்திருக்கேன். நாந்தான் அந்தப் பேருக்கு. நாந்தான் கொரல் குடுக்கணும். எங்கம்மா மலச்சட்டி எடுத்தவ. கடைசி லயம். நான் அவ மக."

எல்லோரும் வந்துவிட்டார்கள். காசிராஜன் கையில் டீ தம்ளரோடு அப்படியே நின்றான். ரத்தினத்தின் கை, தன்னை அறியாமல், சேலையை ஒதுக்கி இறுக்கிக்கொண்டது. அத்தனை வருஷம் பொத்தி வைத்தது கொல்லை மண்ணில் கொட்டிக் கிடந்தது. பரிபூரணம் யாரையும் பார்க்கவில்லை. வேலுசாமியின் காலில் விழுந்தாள். இன்னொரு தரம் கூப்பிடச் சொன்னாள். ஒரே ஒரு தரம்.

வேலுசாமி குனிந்து அவளைத் தூக்கிவிடப் பார்த்தான். "ஒரு பேருக்கு ஒரு கொரல்தாம்மா" என்றான். "அதான் குடுத்தாச்சே."

அவள் எழுந்து மகளிடம் ஓடினாள்.

பிள்ளை அவள் வருவதைப் பார்த்தது. விளக்குமாற்றைக் கீழே போட்டது. அவசரமாகப் பாதையை விட்டு இறங்கி, சாக்கடை ஓரமாக ஒதுங்கி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது.

"செல்வி. அம்மாடி. நான் அம்மா."

"தொரசாணி போகட்டும்" என்றது பிள்ளை. சின்னக் கை மேலே வந்து வாயைப் பொத்திக்கொண்டது. மூச்சு அவள் மேல் பட்டுவிடாமல். கண் தரையை விட்டு ஏறவில்லை. அவள் கடந்து போவதற்காக, குனிந்தபடி, நின்றுகொண்டே இருந்தது.