இறுகிய முன்சக்கரம்

காலை ஆறு பத்து. மரக்கடை முதலாளி தன் பிக்கப் வண்டிக்கும் முற்றத்தின் கீழ்ச்சுவருக்கும் நடுவே நின்றபடியே இறந்திருந்தார். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பிரஷ் கையிலேயே இருந்தது. தினமும் அந்த நேரத்தில் அங்கேதான் பல் துலக்குவார்.

வண்டிக்கு இருபது வயது. நான்கு சக்கர இழுவை, அதாவது ஃபோர் வீல் டிரைவ். ஓட்டுநர் முந்தின மாலை ஏழு மணிக்கு அதை முற்றத்துச் சரிவின் மேல்முனையில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். இப்போது கைப்பிரேக் இறங்கியிருந்தது. கியர் நியூட்ரலில் இருந்தது.

ஏழு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஆறே முக்காலுக்குப் பஸ்ஸில் வந்து இறங்கிய ஓட்டுநரை, இன்ஸ்பெக்டர் வருவதற்குள் காவலர்கள் ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள். கவனக்குறைவால் ஓர் உயிர் போனது என்று எழுதினால் சிறை. லைசென்சும் போகும்.

"கைப்பிரேக் போட்டேன் மேடம். கியர்லயும் போட்டேன். இந்த எருமையை நம்பி வெறுமனே நிறுத்துவேனா?"

முதலாளியின் தம்பி மாடியில் தூங்கியதாகச் சொன்னார். சத்தம் கேட்டு ஓடிவந்தாராம். அவர் கூப்பாடு போட, எதிர்வீட்டு ஆண்கள் மூவர் வந்தார்கள். நால்வரும் சேர்ந்து தள்ளியும் வண்டி அசையவில்லை. கடப்பாரையால் நெம்பித்தான் உடலை எடுத்தார்கள்.

"வண்டிக்குள்ள யாராவது ஏறினாங்களா?"

"இல்லை மேடம். கதவைத் தொடவே நான் விடலை. போலீஸ் பாக்கணும்ல."

மூவரும் அதையே சொன்னார்கள். ஒருவர் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி தம்பியை அண்ணன் முற்றத்திலேயே வைத்துத் திட்டியிருந்தாராம்.

இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்தார். குழாயடியில் சிமெண்ட் தளம், சமமானது. நான்கு ஆண்கள் தள்ளி நகராத வண்டி எப்படித் தானாக உருண்டு வந்தது? பழைய வண்டி, நாலு சக்கர லீவர் சிக்கியிருக்கும் என்றார் தம்பி.

ஏழு நாற்பதுக்கு மெக்கானிக் வண்டிக்கடியில் நுழைந்தார். லீவர் இரண்டு சக்கர இழுவையில்தான் இருந்தது. முன்சக்கரங்களை இழுவையோடு பூட்டும் ஹப்புகள் விடுபட்டிருந்தன. முன்சக்கரங்களுக்குப் போகும் தண்டு கையாலேயே சுழன்றது. ஜாக்கியில் தூக்கி ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றினார். மூன்று சுற்றின. இடது முன்சக்கரம் கல்லாக நின்றது. அதன் பிரேக்கிலிருந்த சிறு திருகைத் தளர்த்தினார். எண்ணெய் பீறிட்டது. சக்கரம் சுற்றியது.

"ரத்தக்குழாய் அடைப்பு மாதிரி மேடம். பிரேக் ஹோஸ், எண்ணெய் போற ரப்பர் குழாய், வெளிய பளபளன்னு இருக்கு, உள்ள வீங்கிப்போச்சு. மிதிச்சா எண்ணெய் போகும், திரும்பி வராது. மெள்ளத்தான் கசியும்."

"மெள்ளன்னா?"

தெரியாது என்றார் மெக்கானிக். இன்ஸ்பெக்டர் திருகை இறுக்கச் சொன்னார். பெடலை ஒருமுறை அழுத்தி மிதிக்கச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு ஐந்து.

காத்திருக்கும் நேரத்தில் ஓட்டுநரிடம் பேசினார். வண்டி காலையில் பூவாய் நகரும், முதல் பிரேக் போட்டதும் பின்னாலிருந்து யாரோ கட்டி இழுப்பதுபோல் இருக்கும் என்றார் அவர். ஒரு மாதமாக முதலாளியிடம் சொல்லிவந்தாராம். தம்பிக்குத் தெரியுமா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். அவர் அந்த வண்டியில் ஏறியதே இல்லை என்றார் ஓட்டுநர்.

பத்து மணிக்குச் சக்கரத்தின் இறுக்கம் விட்டது. இன்ஸ்பெக்டர் ஓட்டுநரை ஜீப்பிலிருந்து இறங்கச் சொன்னார். தம்பியை வண்டிக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சாயங்காலம் ஏழு மணிக்கு மிதிச்ச பிரேக் ஒன்பதுக்கெல்லாம் விட்டிருக்கும். அதனாலதான் காலையில வண்டி உருண்டுச்சு. ஆனா நாலு பேர் தள்ளறப்போ சக்கரம் இறுகியிருந்துச்சு. நடுவுல யாரோ உள்ள உக்காந்து பிரேக்கை மிதிச்சிருக்காங்க. அப்போ ஓட்டுநர் இங்க வரவே இல்லை. மத்தவங்களைக் கதவைத் தொட விடலைன்னு நீங்களே சொன்னீங்க. கைப்பிரேக்கை இறக்கி வண்டியை உருட்டினது நீங்கதான்."

தம்பி சுவரைப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர்கள் அதில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"மிதிச்சேன் மேடம்," என்றார். "நிஜமாவே மிதிச்சேன்."

"எப்போ? அண்ணன் மேல மோதறதுக்கு முன்னாடி, நிறுத்தவா? மோதின பிறகு, வண்டி நகராம இருக்கவா?"