பின்னறைக்காரருக்கு முப்பது நாள் நோட்டீஸ்

காலமான அத்தை விட்டுப்போன வீட்டுக்கு லோரெட்டா வந்து சேர்ந்தபோது ஒஹையோவில் பனி கொட்டத் தொடங்கியிருந்தது. காலி வீடாக ஒப்படைத்தால்தான் வாங்குகிறவர் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகுதான் அவள் மகளோடு போய் இருக்க முடியும். குறுக்கே நின்றது பின்னறையில் குடியிருந்த ஹ்ருஷ்கா ஒருவர்தான். எத்தனை முறை தட்டினாலும் கதவு திறக்காது. ஆனால் உள்ளே இருமல் கேட்கும், ஈரக் கம்பளி வாடை வரும்.

பள்ளித் தோழி டெனீஸ்தான் வக்கீல். போனில் பதறினாள்.

"மூணு நாள் நோட்டீஸ ஒட்டித் தொலைச்சிடாதடி. அது வாடகை பாக்கி வச்சவனுக்கு. உங்க அத்தைகிட்ட அவருக்கு என்ன பேச்சு?"

"காசு கிடையாது. விடியக்காலையில பாதையில பனி தள்ளணும், சமையலறை அடுப்ப மூட்டணும். அதான் வாடகை."

"அப்போ முப்பது நாள் நோட்டீஸ்தான். கெடு முடிஞ்சப்புறம் அந்த வாடகைய மட்டும் வாங்கிடாத. வாங்கினா நோட்டீஸ் செல்லாது."

லோரெட்டா பின்னறைக் கதவில் நோட்டீஸை ஒட்டினாள்.

அதன்பின் தினமும் இருட்டு பிரியுமுன் மண்வாரி தரையில் உரசும் சத்தம். எட்டிப் பார்த்தால் பாதை சுத்தமாக இருக்கும்.

இருபுறப் பனியிலும் ஒரு காலடி இருக்காது.

கெடு முடிந்த மாலை டெனீஸ் கூப்பிட்டாள்.

"வழக்குப் போட அவர் பேரைச் சரிபார்த்தேன். லோரெட்டா, அந்த ஆள் போன வருஷக் குளிர்லயே செத்துட்டாருடி. நீ யாருக்கு நோட்டீஸ் ஒட்டின?"

பின்னறையில் இருமல்.

லோரெட்டா பின்னறைப் பக்கமிருந்து பின்வாங்கினாள். ஆனால் வீடு விற்காமல் போனால் மகளும் இல்லை என்ற எண்ணம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. செத்தவரானாலும் சரி, அவரிடம் வாடகை வாங்குவதில்லை என்று முடிவு கட்டினாள். மண்வாரியைக் கட்டிலுக்கடியில் போட்டுக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் முந்திக்கொண்டு எழுந்து, பாதை முழுவதையும் தானே தள்ளி முடித்தாள். சத்தம் ஏதும் வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அழுகையே வந்தது. விரல் மரத்து, பல் கிட்டிப்போய் உள்ளே ஓடி, அடுப்பின் முன் கைகளை நீட்டினாள்.

"அப்பாடா!"

இதமான சூடு.

அடுப்பை அவள் மூட்டவில்லை.

திரும்பிப் பார்த்தாள். பின்னறைக் கதவில் நோட்டீஸைக் காணோம். அடுப்புக்குள், விறகுக்கடியில், அவள் கையெழுத்து இருந்த காகித மூலை கருகிச் சுருண்டுகொண்டிருந்தது.

பின்னறையில் யாரோ உள்தாழ்ப்பாளைப் போட்டார்கள்.