கடைசி ரிப்பன்

புனிதர்கள் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு காலை. வண்டியைத் தேவாலயத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு ஊர்க் கூடத்துக்கு நடந்தேன். ஆற்றிலிருந்து எழுந்த பனி தெருவில் இடுப்பளவுக்கு நின்றது. கல்லறைக்கு எடுத்துப்போக வாங்கிய சாமந்தித் தொட்டிகள் எல்லார் வீட்டு வாசலிலும் இருந்தன. என் வாசலில் இல்லை. தொட்டியை வைக்க எனக்கு ஒரு கல்லறை கிடையாது.

கூடத்துக்குள் ஒரே இரைச்சல். முழங்காலில் கற்பூரத் தைலம் தேய்க்கிற வாசனை. ஜினெட் மேசைக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவர் நெஞ்சிலும் எண் அட்டை குத்திக்கொண்டிருந்தாள். ஊர் ரொட்டிக் கடை அவளுடையது. வருடா வருடம் ஊரைச் சுற்றி நடக்கிற இந்த ஓட்டத்தை ஆரம்பித்தவளும் அவள்தான். அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"யோவ், தொப்பையை உள்ள இழு. ஊசி குத்திடுச்சுன்னு அப்புறம் என்னைத் திட்டாத" என்று யாரையோ அதட்டியவள், என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெஜிஸ், இந்த வருஷம் வேண்டாம்ப்பா. வேற யாராவது பார்த்துக்குவாங்க."

"பையைக் குடு" என்றேன்.

அது கடைசி ஆளின் பை. எங்கள் ஓட்டத்தில் வழி காட்ட முதல் நாளே மரங்களில் ஆரஞ்சு ரிப்பன்களைக் கட்டிவிடுவோம். கடைசி ஆள் எல்லோருக்கும் பின்னால் ஓடி, ரிப்பன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். அவன் ஊர்ப் பாலத்துக்கு வந்ததும் ஜினெட் உரக்கக் கேட்பாள்: "பின்னால யாராவது?" அவன் "யாரும் இல்ல" என்று சொல்லி, கடைசி ரிப்பனைப் பாலத்துக் கைப்பிடியில் கட்டுவான். எல்லோரும் வீடு வந்து சேர்ந்தார்கள் என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் சூப் அண்டாவின் மூடியைத் திறப்பார்கள். குடலே கருகினாலும் அதற்கு முன்னால் யாரும் தொட மாட்டார்கள்.

போன வருடம் கடைசி ஆள் அர்மான். என் பால்ய சிநேகிதன்.

என் மனைவி மிரெய், ஒரு காலைச் சற்று இழுத்து ஓடுகிறவள், வழியில் ஒதுங்க வேண்டி ஒரு புதருக்குப் பின்னால் போயிருக்கிறாள். பனியில் அவளைப் பார்க்காமல் அர்மான் தாண்டிப் போய்விட்டான், ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே. அவள் வெளியே வந்தபோது எந்த மரத்திலும் ஒன்றுமில்லை. கஷ்கொட்டை மரத் தோப்பில் வழி இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஏறினால் ஊர்ப் பாலம். அவள் வலது பக்கம் இறங்கிவிட்டாள், ஈர மண்ணில் தடம் இருந்தது. கீழே பழைய தரைப்பாலம். எங்கள் ஆற்றை நம்ப முடியாது. மலையில் எங்கோ மழை கொட்டும், இங்கே ஒரு துளி விழாமலே தண்ணீர் ஏறி வந்துவிடும்.

"பின்னால யாராவது?"

"யாரும் இல்ல."

ரிப்பனைக் கட்டினான். எல்லோரோடும் நானும் கைதட்டினேன். முழங்கால் வலி என்று நான் ஓடவில்லை, சூப் ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவும்போதுதான் ஒரு கிண்ணம் மட்டும் சூப் படாமல் காய்ந்து கிடந்ததைப் பார்த்தேன்.

ஆறு அவளைத் திருப்பித் தரவில்லை. ஒரு ஷூவைக்கூடத் தரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. அழுகை வரவில்லை. அர்மான் என் அடுக்களையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். நான் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். கோபம்கூட வரவில்லை. ஊசி போட்டு மரத்துப்போன ஈறை நாக்கால் தொட்டுப் பார்ப்பது போலத்தான் அவளை நினைத்துப் பார்ப்பேன். தொடுவது தெரியும், வேறொன்றும் தெரியாது. வீடு வீடாகப் போய் வெந்நீர்க் கொதிகலன்களைப் பழுது பார்த்தேன். பசிக்காமல் சாப்பிட்டேன்.

பிறகு எதற்குப் பையைக் கேட்டேன்? அவள் இன்னும் அந்த வழியில்தான் இருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. அவளுக்கும் பின்னால் ஒருவன் வந்து கூட்டிக்கொண்டு போகாமல் அவளால் வர முடியாது. பைத்தியக்காரத்தனம்தான். யாரிடமும் சொல்லவில்லை.

புறப்படும் இடத்தில் அர்மான் வந்து என் பக்கத்தில் நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"நானும் ஓடறேன்டா. உனக்கு முன்னாடி. எல்லாருக்கும் பின்னாடி."

"உன் வேகத்துக்கு வேற எங்க ஓடுவ?" என்றேன்.

பழைய அர்மானாக இருந்தால் பதிலுக்கு என் மொட்டைத் தலையை ஏதாவது சொல்லியிருப்பான். தலையை மட்டும் ஆட்டினான்.

ஓடினோம். இலை உதிர்ந்த திராட்சைத் தோட்டங்கள், கூரை போன பட்டு ஆலை, பிறகு ஆற்றங்கரை. முன்னால் போனவர்களின் பேச்சுச் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. அர்மானின் மூச்சிரைப்பும் என் காலடியும்தான் மிச்சம். ஒவ்வொரு மரமாக நின்று ரிப்பனை அவிழ்த்தேன். எல்லாம் கடும் முடிச்சு. விறைத்த விரலால் அவிழ்ப்பது பெரும்பாடு. மிரெய் கட்டினால் மட்டும் பூ முடிச்சுப் போடுவாள், ஒரு இழுப்பில் வந்துவிடும். "இது என்ன, கிறிஸ்துமஸ் பரிசா?" என்று எல்லோரும் அவளைக் கேலி செய்வார்கள். "கடைசியா வர்றவன் கை என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள்.

கஷ்கொட்டைத் தோப்புக்குள் நுழைந்தபோது பனி இன்னும் கெட்டியாகியிருந்தது. அர்மானின் மஞ்சள் சட்டை முன்னால் மங்கலாகத் தெரிந்தது. கீழே முள்ளுத் தோலோடு கிடந்த காய்கள் என் காலுக்கடியில் நொறுங்கின.

நான் நின்றேன்.

பின்னால் ஒரு காய் நொறுங்கியது.

திரும்பிப் பார்த்தேன். பனிதான். ஏதாவது காட்டுப்பன்றியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நாலடி ஓடினேன். பின்னாலும் நாலடி. நின்றேன். அதுவும் நின்றது. ஒரு காலைச் சற்று இழுத்து வைக்கிற ஓட்டம். கற்பூரத் தைல வாசனை வந்தது. அதற்கடியில் வண்டல் வாசனை, வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் வருமே, அது.

பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை.

பையைத் தொட்டுப் பார்த்தேன். தொளதொளவென்று தொங்கியது. உள்ளே ஒரே ஒரு ரிப்பன் கிடந்தது.

நான் கடந்து வந்த மரங்களைப் பார்த்தேன். சற்று முன்னால் என் கையால் அவிழ்த்த ரிப்பன்கள் எல்லாம் மறுபடியும் மரத்தில் இருந்தன. நனைந்து, சொட்டிக்கொண்டு.

எல்லாம் பூ முடிச்சு.

"மிரெய்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

முன்னால் திரும்பினேன். அர்மானின் மஞ்சள் சட்டையைக் காணவில்லை. வழி பிரியும் இடத்துக்கு ஓடினேன். இடது பக்கம் ஒரு மரத்திலும் ரிப்பன் இல்லை. வலது பக்கம், கீழே தரைப்பாலத்துக்கு இறங்குகிற பக்கம், மரத்துக்கு மரம் ஆரஞ்சு நிறம். அர்மான் அந்த வழியே போய்விட்டான். எந்த வழி எங்கே போகும் என்பது அவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். ஆனாலும் ஓடும்போது நாங்கள் யாரும் வழியைப் பார்ப்பதில்லை, ரிப்பனைத்தான் பார்ப்போம்.

கீழே ஆறு உறுமியது. காலையில் அந்தச் சத்தம் இருக்கவில்லை.

கடைசி ஆளுக்குக் கொடுக்கிற விசில் என் கழுத்தில் தொங்கியது. ஊதவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் சாகட்டும் என்று நினைக்கவில்லை, வாழட்டும் என்றும் நினைக்கவில்லை. கல்லாய்ச் சமைந்து நின்றேன்.

என் காதுக்குப் பின்னால், மிகவும் ஈரமாக, ஒரு குரல்.

"முன்னால யாராவது?"

அவள் குரல். தொண்டையில் தண்ணீர் இருந்தது.

"அர்மான் போறான்" என்றேன்.

"போகட்டும்."

அதைக் கேட்டதும் எனக்குள் எங்கோ ஒரு ஓரத்தில் சுரீரென்றது. என் மிரெய் கடைசியாக வருபவனின் கை வலிக்கும் என்று பூ முடிச்சுப் போடுகிறவள். ஆறு அவளை என்ன செய்து வைத்திருக்கிறது! விசிலை வாயில் வைத்து நெஞ்சு வெடிக்க ஊதினேன். ஊதிக்கொண்டே கீழே ஓடினேன்.

அர்மான் தரைப்பாலத்தின் நடுவில் நின்றான். பழுப்புத் தண்ணீர் அவன் முழங்காலைச் சுற்றி ஓடியது. எதிர்க் கரையில் ஒரு கொம்பில் ரிப்பன் ஆடியது, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கரைக்கு வந்து விழுந்தோம். நாங்கள் மூச்சு வாங்கி எழுவதற்குள் அவன் நின்ற இடத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஓடியது.

"அவ கட்டினதுடா" என்றான். பல் கிடுகிடுத்தது. "நான் பார்த்தேன். அவ முடிச்சு."

"எழுந்திரு. எனக்கு முன்னாடி நட. திரும்பிப் பார்க்காத."

ஊர்ப் பாலம் வரைக்கும் பின்னால் காலடி கேட்டுக்கொண்டே வந்தது. நான் மெதுவாக நடந்தால் அதுவும் மெதுவாக. ஊர் முழுக்கப் பாலத்தில் நின்றிருந்தது. அர்மானைக் கண்டதும் யாரோ போர்வையோடு ஓடி வந்தார்கள். ஜினெட் என்னைப் பார்த்தாள். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே.

"பின்னால யாராவது?"

காலடி எனக்குப் பின்னால் நின்றது. தைல வாசனை வந்தது. போன வருடம் இதே இடத்தில் அர்மான் சொன்ன பொய்யை நானும் சொல்லப் போகிறேனா என்று அது காத்திருந்தது.

"இருக்கா" என்றேன்.

ஜினெட் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, இன்றுவரை கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அண்டாவின் மூடியைத் திறக்காமலே நாலு பேராகத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். அன்று ஊரில் யாரும் சூப் குடிக்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் நான் ஒரு புது ரிப்பன் சுருள் வாங்கினேன். தரைப்பாலத்திலிருந்து தோப்பு வழியாக, பட்டு ஆலை, தேவாலயம், என் தெரு, என் வீட்டு வெளிக்கதவு வரைக்கும் கட்டினேன். பூ முடிச்சாகவே போட்டேன். பார்த்தவர்கள் கண்டும் காணாததுபோலப் போனார்கள். அர்மான் மட்டும் வந்து கூடவே கட்டினான்.

மறுநாள் காலை ஆற்றோரத்து ரிப்பன்கள் இல்லை. காற்றாக இருக்கும் என்றேன். அடுத்த நாள் தோப்பு முழுக்கக் காலி. பிறகு ஆலை. தேவாலயம். அறுத்த தடயம் இல்லை, கிழித்த தடயம் இல்லை. கடைசி ஆள் செய்கிற மாதிரியே, ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு யாரோ வந்துகொண்டிருந்தார்கள்.

நேற்று மாலை வெளிக்கதவில் ஒன்றுதான் மிச்சம். நான் காய்கறி நறுக்கி, பூண்டு தட்டிப்போட்டு, பெரிய பாத்திரம் நிறையச் சூப் வைத்தேன். மூடினேன். தொடவில்லை. வீட்டுக் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டுப் படுத்தேன்.

இன்று காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளிக்கதவில் ரிப்பன் இல்லை.

வாசலுக்கு நடந்தேன். தாழ் போட்டது போட்டபடி இருந்தது. உள்பக்கக் கைப்பிடியில், பூ முடிச்சாக, ஆரஞ்சு ரிப்பன். அதிலிருந்து தண்ணீர் சொட்டி, தரையில் சின்னதாகக் குளம் கட்டியிருந்தது.

ஒரு வருடத்துக்குப் பிறகு எனக்குப் பயமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அப்போது எனக்குப் பின்னால், அடுக்களையில், பாத்திரத்தின் மூடியை யாரோ திறந்தார்கள்.